மாடம்மா பிள்ளை

ஒலிபெருக்கியில் அந்த அறிவிப்பு முதல் தடவை வந்தபோது செண்பகவல்லி மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பார்க்கின் அலைக்குளத்தைச் சுற்றி நின்ற கம்பங்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் காலையிலிருந்து மலையாளப் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. கொஞ்சம் கரகரப்பு. பிறகு, ரைடு மூடும் நேரத்தையும் சாப்பாட்டுக் கூப்பனையும் பற்றி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த இளம்பெண்ணின் குரல், அதே சிரித்த மலையாளத்தில், ஒரு குழந்தையைத் தேடுவதாகச் சொன்னது. எட்டு வயது. மஞ்சள் கவுன், பச்சைக் கரை, கிளி மாதிரி வெட்டித் தைத்த பாக்கெட். பெயர் பிச்சைக்கனி. குழந்தையின் அம்மா ஆபீஸில் காத்திருக்கிறார், பார்த்தவர்கள் கூட்டி வரவும்.

துண்டு பிள்ளையின் தலையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, என்னையா விளிக்குது?" என்றாள் பிள்ளை துண்டுக்குள்ளிருந்து.

"சும்மா இருட்டி. வேற யாரோ."

"வேற யாருக்கும்மா கிளி பாக்கெட் இருக்கு?"

அந்த கவுனைத் தைத்தவளே செண்பகவல்லிதான். பழவங்காடியில் அவள் வேலை பார்க்கும் தையல் கடையில், யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய பச்சைப் பட்டில்தான் அந்தக் கிளி. கண்ணுக்கு ஒரு சிவப்பு மணி. நேற்று ராத்திரிதான் கடைசித் தையல் போட்டாள். வாசலில் இருந்த சிமெண்ட் டால்பின் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பதற்காக, காலையிலிருந்து பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்து, தண்ணீரில் ஆடிய பழைய பாவாடையைக் கழற்றிவிட்டு இப்போதுதான் போட்டுவிட்டாள். அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அவள் புருஷன்கூடப் பார்க்கவில்லை.

அதைவிட, அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஷிஜா என்று பெயர். சிநேகிதிகளுக்கும் ஷிஜா, டீச்சருக்கும் ஷிஜா. பிச்சைக்கனி என்ற பெயரைத் தெரிந்தவர்கள் கரமனை ஆற்றோரத்து லைன் வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அந்தப் பெயரை வைத்தவளோ உயிரோடு இல்லை.

செண்பகவல்லிக்கு இவளுக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்று தொட்டில் கட்டும் முன்பே போயிற்று. மற்றது முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியபின் போயிற்று. மூன்றாவதாக இவள் பிறந்தபோது ஊர்ப்பக்கத்து வழக்கப்படி பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றார்கள். பெற்றவளிடம் பிள்ளை தங்காதபோது வேறொருத்தி ஒரு சுளவு, முறம் நிறையத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அவள்தான் பெயர் வைப்பாள். அதன்பிறகு அது அவள் பிள்ளை. பெற்றவள் சும்மா வளர்த்துக் கொடுக்கிறவள். எடுத்துப்போக வருவது எதுவோ, அது வந்து பார்த்தால் ஏமாந்து திரும்பிவிடும்.

வாங்கியவள் மாடம்மாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, லைன் வீட்டின் கடைசிக் கதவுக்குப் பின்னால் ஓர் எருமையை வளர்த்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. "தவிடு ஒனக்கு, பிள்ள எனக்கு. எம் பிள்ளய நல்லா வளத்துத் தாட்டி செம்பகம்" என்று எல்லார் முன்னாலும் சுளவை நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அந்தத் தவிட்டை மாடம்மாளின் எருமைக்கே கொண்டுபோய்க் கரைத்து வைத்தார்கள். அதன்பிறகு பால் ஊற்ற வரும்போதெல்லாம் எருமை மிதித்துச் சுண்டுவிரல் போன வலது காலைத் தாங்கித் தாங்கி வந்து நின்று, "எம் பிள்ள சௌக்கியமா? ஒரு நாளு வந்து கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ" என்பாள். அதற்கும் சிரிப்புதான்.

பிள்ளைக்கு நாலு வயதில், ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில், எருமையைக் குளிப்பாட்டப் போனவள் ஆற்றோடு போனாள். திருவல்லம் பக்கம் கரை ஒதுங்கினாள். காரியம் முடிந்து வந்த அன்று, "இனிப் பிள்ள நமக்குத்தான்" என்றான் புருஷன் வீரபாண்டி. செண்பகவல்லி அவன் வாயைப் பொத்தினாள். மாடம்மாள் போனால் என்ன, கேட்டுக்கொண்டிருப்பது போகவில்லையே. யாராவது பிள்ளை அழகாயிருக்கிறது என்றால், உங்க பிள்ளையா என்று கேட்டால், அவள் நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிடும்: என் பிள்ளையில்லை, மாடம்மா பிள்ளை.

இன்று காலையிலும் சொன்னாள். குட்டிக்கடல் என்று பெயர் போட்ட அந்தப் பார்க்கின் வாசலில், கையில் காகித வளையம் ஒட்டிவிட்ட பெண் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "எந்து பங்கியா! சேச்சியுடெ மோளாணோ?" என்று கேட்டாள். "அல்ல. இது மாடம்மாளுடெ மோளாணு" என்றாள் செண்பகவல்லி. அந்தப் பெண் புரியாமல் சிரித்துவிட்டு அடுத்த கையைப் பிடித்தாள்.

உள்ளே வந்ததும் பிள்ளை கையை உதறிக்கொண்டு நின்றது. "நாளைக்கு ஸ்கூல் தொறக்குதுல்ல. புது டீச்சர் கேட்டாலும் இப்படித்தான் பறைவியா?"

"பறைஞ்சா என்னட்டி?"

"எல்லாரும் கேக்கறாங்க. ஒங்கம்மா எங்கன்னு கேக்கறாங்க. இதான் எங்கம்மான்னா, அவங்களே இல்லன்னு சொன்னாங்களேங்கறாங்க." உதடு பிதுங்கியது. "ஒரே ஒரு வட்டம் எம் பிள்ளன்னு சொல்லு. இன்னைக்கு மட்டும்."

அவள் சொல்லவில்லை. ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். சறுக்கில் ஏற்றிவிட்டாள். அலைக்குளத்தில், வீரபாண்டி போன வருஷம் வெயிலில் முட்டிபோட்டு ஒட்டிய நீல டைல்களைக் காட்டி, "இது அப்பா ஒட்டினது" என்றாள். பிள்ளை குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அந்த வேலைக்குத்தான் காண்ட்ராக்டர் பாஸ் கொடுத்திருந்தார். மே மாசத்தோடு முடிகிற பாஸ். வீரபாண்டிக்கு இன்றும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டடத்தில் வேலை. லீவின் கடைசி நாள் என்பதால் இவளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த இந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

இப்போது ரப்பர் மரங்களுக்கு மேலே வானம் சட்டிக்கரியாகக் கறுத்திருந்தது. காற்று நின்றிருந்தது. குளத்தில் அலை எழுப்புகிற இயந்திரத்தை அணைத்திருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் அடங்காமல் ஆழமான பக்கத்திலிருந்து சிறிசிறிதாக வந்து படியில் நக்கி நக்கிப் போனது. குளோரின் நெடி. அதற்கடியில் இன்னொரு வாடை. ஊறின தவிட்டு வாடை.

செண்பகவல்லி ஈரத்துணியைப் பைக்குள் திணித்தாள். "வா, போலாம்."

"போட்டோ?"

"போட்டோ வேண்டாம். வா மக்கா."

அப்போது பாட்டு மறுபடியும் அறுந்தது.

அதே குரல்தான். ஆனால் எதிரே வைத்திருக்கும் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவள் மாதிரி இல்லை. பக்கத்தில் நிற்கும் யாரோ சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டுச் சொல்கிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிச்சைக்கனி என்ற குழந்தை. இடது முழங்காலுக்குப் பின்னால் மச்சம். தலை இன்னும் சரியாகத் துவட்டவில்லை. குழந்தையின் கையைப் பிடித்திருக்கிற நீலப் புடவைக்காரி தயவுசெய்து அவளை ஆபீஸில் கொண்டுவந்து விடவும். அம்மா ரொம்ப நேரமாக நிற்கிறார்.

செண்பகவல்லி தன் புடவையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். துண்டு மடிப்பவர்கள், செருப்புத் தேடுபவர்கள், பிள்ளைகளை எண்ணுபவர்கள். கடலை வண்டிக்காரி மட்டும் இவள் கையையும் அதன் முனையிலிருந்த மஞ்சள் கவுனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேச்சி, நிங்களைத்தானே விளிக்கிறாங்க?"

"இல்ல" என்று சொல்லி அவள் நடையை எட்டிப் போட்டாள்.

வாசலுக்குப் போகும் வழி சறுக்குகளுக்கு அடியில், சிமெண்ட் தூண்களுக்கு நடுவே போனது. மேலே ராட்சசக் குழாய்கள். ஆள் யாரும் சறுக்காத நேரத்திலும் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம், யாரோ தலைக்கு மேலே நடந்துகொண்டே முணுமுணுப்பது போலக் கேட்டது. பிள்ளையின் விரல்கள் அவள் உள்ளங்கைப் பிடிக்குள் நழுவி நழுவிப் போயின. ஈரக் கை. இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதும்மா."

"வா."

தூண்களைத் தாண்டினால் காய்ந்த நடைபாதை. வெள்ளை டைல். அதில் ஈரக் கால்தடம் ஒன்று முன்னால் போயிருந்தது. இவர்கள் போகிற திசைக்கே. வளர்ந்த ஒரு பெண்ணின் அகன்ற பாதம். இடது காலடி நன்றாகப் பதிந்து, வலது காலடி தாங்கித் தாங்கி. ஒவ்வொரு தடத்திலும் பொன்னிறத் துகள்கள் ஒட்டியிருந்தன. அரிசி மில் வாசலில் கிடப்பது மாதிரி. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. வலது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையை மடியில் போட்டு, ராத்திரியானாலும் எழுந்திருக்காமல் அங்கேயே. ஆனால் அப்போது அவளுக்குத் தோன்றியதெல்லாம் வாசல், ரோடு, பஸ் என்பது மட்டும்தான்.

வாசலில் இரும்பு கேட்டை முக்கால்வாசி இழுத்துவிட்டு வாட்ச்மேன் நின்றார். சட்டையில் ஸ்ரீகண்டன் என்று பெயர் குத்தியிருந்தது. வயதானவர். அவர் பிள்ளையின் கவுனைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், கையை நீட்டித் தடுத்தார்.

"சேச்சி, ஆபீஸ் வரை ஒண்ணு வரணும்."

"எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி."

"ஒரு மினிட். அவிடெ அம்மை நிக்குது. பாவம், மொத்தம் நனைஞ்சு நிக்குது."

மழை இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அது யாருன்னு நீங்க பாத்தீங்களா?"

"பின்னே? தமிழ்க்காரிதான். நிங்களெ நாட்டுக்காரி." அவர் குரலைத் தணித்தார். "ஒரு வார்த்தை பறைஞ்சிட்டுப் போயா போதும். கம்ப்ளெய்ன்ட் வந்தா என் ஜோலி போகும்."

அவள் கேட்டின் இடைவெளியைப் பார்த்தாள். பிள்ளை நுழையலாம். அவள் நுழைய முடியாது. அவள் கையை விட்டால்தான் பிள்ளையும் நுழைய முடியும்.

கையை விடமாட்டாள்.

ஆபீஸ் கேட்டை ஒட்டிய சின்ன அறை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே அலைக்குளம் தெரிந்தது. மேஜைமேல் மைக். மைக்குக்குப் பின்னால் காலையில் கையில் வளையம் ஒட்டிய அதே பெண். சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் யாருமில்லை. பெஞ்சுக்கு அடியில் மட்டும் தண்ணீர் தேங்கி, மெல்ல நடுவறைக்கு ஓடிவந்துகொண்டிருந்தது. தவிட்டு வாடை தொண்டையில் ஒட்டியது.

"எவிடெ போச்சு? இப்ப இங்கதானே இருந்தது" என்று அந்தப் பெண் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு செண்பகவல்லியைப் பார்த்தாள். அவள் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசினாள். "சேச்சி, தப்பா நினைக்கக் கூடாது. காலையில நீங்கதானே சொன்னது, இது உங்க மோள் இல்லைன்னு. பெயர்கூடச் சொன்னீங்க. மாடம்மாள். அவங்க வந்து அதே பெயர் சொல்றாங்க. குழந்தை உடம்புல எங்க எங்க என்ன மச்சம்னு எல்லாம் சொல்றாங்க. நான் என்ன செய்ய?"

"அது எங்க வழக்கம்மா. ஒரு பேச்சுக்கு..."

"வழக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நான் கேட் திறக்கச் சொல்றேன். இது உங்க பிள்ளையா?"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

கண்ணாடிக்கு வெளியே முதல் சொட்டுகள் விழுந்தன. செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

மூத்தவனை நர்ஸ் கையிலிருந்து வாங்கியபோது என் பிள்ளை என்று சொன்னது நினைவிருந்தது. இளையவன் சிரித்த அன்று லைன் வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது நினைவிருந்தது. பாருங்க, என் பிள்ளை சிரிக்கான். சொன்ன ராத்திரியே காய்ச்சல். அதற்கப்புறம் அந்தச் சொல்லை அவள் வாய் தொட்டதில்லை. தனியாக இருக்கும்போதுகூட இல்லை. தூங்குகிற பிள்ளையின் காதில்கூட இல்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் கேட் திறக்கும். சொன்னால் அது கேட்டுவிடும்.

பிள்ளை காத்திருந்தது. அவள் விரலை இரண்டு தடவை அழுத்தியது. சொல்லு என்பது போல.

"சேச்சி?"

மூச்சை இழுத்தாள். நாக்கு மேலெழும்பியது. எட்டு வருஷமாகப் பழகிய நாக்கு. அவளைக் கேட்கவில்லை.

"மாடம்மா பிள்ளை" என்றாள்.

அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. பிள்ளையின் முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. அழவில்லை. நெடுநாளாகத் தெரிந்த ஒன்று சரிதான் என்று தெரிந்தால் பெரியவர்கள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

மைக்குக்குப் பின்னாலிருந்த பெண் பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி." அவள் பார்வை செண்பகவல்லியின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் போய் நின்றது. சிரித்தாள். "கூட்டிட்டுப் போகலாம், அம்மா."

பின்னங்கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு.

"நல்லா வளத்துட்டேட்டி செம்பகம்."

அவள் திரும்பினாள். கதவு ஆடிக்கொண்டிருந்தது. வாசல்படியில் அகன்ற கால்தடங்கள். பக்கத்தில் சின்னத் தடங்கள். இழுபட்ட தடங்களில்லை. கூடவே நடந்த தடங்கள்.

ஆனால் கை? கையை அவள் விடவில்லை. இதோ பிடிக்குள்ளேயே இருக்கிறது. இளஞ்சூடாக. ஈரமாக. மெத்தென்று. விடவில்லை.

மழை இறங்கிவிட்டது. கண்ணாடி முழுக்க வழிந்தது. வழிகிற தண்ணீருக்கு அந்தப்பக்கம், ஆளில்லாத அலைக்குளத்தின் படிகளில் ஒரு மஞ்சள் புள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தாங்கித் தாங்கி ஒரு கறுப்பு உருவம். முழங்கால் வரை தண்ணீர். இடுப்பு வரை. உருவம் குனிந்து மஞ்சளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. தோளுக்கு மேலே சின்ன முகம் ஒன்று இந்தப்பக்கம் திரும்பியிருந்தது.

"என் பிள்ளை" என்றாள் செண்பகவல்லி.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. அந்தச் சொல் எல்லாக் கம்பங்களிலிருந்தும் கேட்டது. சறுக்குகளுக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள்ளே, கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும். என் பிள்ளை. என் பிள்ளை. குடைக்கடியில் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

குளத்தில் நீல டைல்களுக்கு மேலே தண்ணீர் ஒரு தடவை ஏறி, மெல்ல அடங்கியது. மழை மட்டும் அதைக் குத்திக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் ஓடினார். யாரோ விசில் ஊதினார்கள். மேஜைப் பெண் எழுந்து நின்று, வெளிறிப்போய், செண்பகவல்லியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இன்னும் இறுக மூடியிருந்தது. ஒரு குழந்தையின் கையைப் பிடித்திருக்கிற கை மாதிரியே. விரல்களுக்கு நடுவிலிருந்து ஏதோ பிதுங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

திறக்கப் பயமாயிருந்தது. திறந்தாள்.

கை நிறைய, நனைந்து, வெதுவெதுப்பாக, தவிடு.